சின்னப்பனை நீ மன்னித்தது பற்றி

அன்பு மகன் காசிமுக்கு உன் அத்தா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்கு முழங்கால், எனக்குக் கண். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆகையால் வரிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தால் பொறுத்துக்கொண்டு படி. இதை ஒரே மூச்சில் எழுதவில்லை. பத்து வரி எழுதினால் அசதி வந்துவிடுகிறது, போய்ப் படுக்கிறேன். படுத்தாலும் நிலைகொள்ளவில்லை, எழுந்து வந்து மறுபடி பத்து வரி. இப்படியே முடிக்க நாலு நாள் ஆகும் போலிருக்கிறது. பதின்மூன்று வருடமாகச் சொல்லாத ஒன்றைச் சொல்ல நாலு நாள் அதிகமில்லை என்று நினைத்துக்கொள்.

நீ பேட்டி கொடுத்த பத்திரிகை போன வாரம் ஊருக்கு வந்தது. முதன்முதலாக ஒரு முழுப் படத்துக்கு உன் பெயரில் இசை என்று எழுதி, பியானோ முன்னால் உட்கார்ந்து நீ திரும்பிப் பார்க்கிற புகைப்படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள். முடியை ஏன் இப்படிக் காது மறைய வளர்த்திருக்கிறாய் என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். பேகம்பூரில் சலூனில் ஒரு பிரதி, டீக்கடையில் ஒரு பிரதி. தெருவில் இறங்கினால் ஆளாளுக்கு நிறுத்தி, "பாய், உங்க மகன் பொஸ்தகத்துல வந்துட்டாப்ல" என்கிறார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு பெருநாள் சட்டை போட்டவனைப் போலத்தான் நடந்தேன். சலூன்காரர் உட்கார வைத்து முழுவதையும் படித்துக் காட்டினார். நடுப் பக்கத்தில் நீ சொல்லியிருந்ததைக் கேட்ட பிறகு எனக்குப் பல் தெரியவில்லை.

நீ சொன்னதை நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பத்தொன்பது வயதில் பள்ளிக்கூட மண்டபத்தில், மதராஸிலிருந்து வந்த ஒரு பெரியவர் முன்னால் நீ வாசிக்க வேண்டியிருந்தது. பியூன் சின்னப்பன் சன்னலைச் சாத்த மறந்துவிட்டார். கோடை மழையில் பியானோ நனைந்து, உன் மூன்று வருடம் அந்த மழையோடு போய்விட்டது. 'ஆனால் எனக்கு அவர்மேல் கோபமில்லை, எப்போதோ மன்னித்துவிட்டேன்' என்று முடித்திருக்கிறாய். அதற்கு அடுத்த பத்தியிலேயே நான் வருகிறேன். பூச்சி அரித்த பியானோவுக்குத் தன் கையாலேயே ஆட்டுத்தோல் ஒட்டிக் கொடுத்த தகப்பனார், அவர் இல்லாவிட்டால் இன்று நான் இல்லை என்று. சலூன்காரர் அந்த இடத்தில் நிறுத்தி என் தோளைத் தட்டினார்.

மறுநாள் காலை சின்னப்பன் வீட்டுக்கு வந்தார். நான் அவரை எப்போதும் அவன் இவன் என்றே பேசிப் பழகியவன். இந்தக் கடிதத்திலாவது அவர் என்று எழுதுகிறேன். சித்தையன்கோட்டையிலிருந்து பூ மூட்டையை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு நேராக வந்திருந்தார். வேட்டியெல்லாம் மல்லிகைக் காம்பு. வாசலிலேயே நின்றுகொண்டு, "உங்க மகன் என்னைய மன்னிச்சிட்டாராம்ல பாய்" என்றார். உள்ளே வா என்றேன். வரவில்லை. "எம் மருமகன் படிச்சுக் காமிச்சாப்ல. எம் மக கேக்குறா, ஏம்ப்பா அன்னைக்கிச் சன்னலச் சாத்தாமப் போனன்னு. அம்புட்டுப் பேரு முன்னாடி கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க." உன் அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அதை வாங்கித் திண்டில் வைத்துவிட்டு, குடிக்காமல் போய்விட்டார்.

காசிம், அந்தச் சன்னலைத் திறந்து வைத்தது நான். உன் பியானோவைக் கெடுத்தது மழையும் அல்ல, சின்னப்பனும் அல்ல, உன் அத்தாவின் கை. இதை எழுதி முடித்துவிட்டேன். இனி எப்படி நடந்தது என்று சொல்வது கொஞ்சம் எளிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

உனக்கு ஏழு வயதிருக்கும்போது அய்யலூர்ச் சந்தைக்கு முதல் தடவை கூட்டிப் போனேன். தோல் பதனிடுகிற ஷாப்பில் தரம் பிரிக்கிறவன் நான். ஆனாலும் உயிரோடு இருக்கிற ஆட்டின் முதுகைத் தடவிப் பார்த்தே தோல் எப்படி வரும் என்று சொல்லிவிடுவேன் என்பதால் முதலாளி என்னையும் சந்தைக்கு அனுப்புவார். அங்கே வாய் திறந்து யாரும் விலை பேசுவதில்லை. துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்து, அழுத்தி, விட்டுத்தான் பேரம். வெளியே முகம் சும்மா இருக்கும். நீ என் இடுப்பளவு உயரத்தில் நின்று துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் துண்டை எடுத்து இரண்டு பேர் கையையும் மூடி, என் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினாய். "இது எம்புட்டு அத்தா? இது?" என்று கேட்டாய். வீடு வரும்வரை விடவில்லை. அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது. முதுகு வலி, புழுதி, ஆட்டு நாற்றம். "ஏலே, சும்மா வாடா" என்று கையை உதறினேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த விளையாட்டிலிருந்துதான் பத்து வருடம் கழித்து நீ 'துண்டுக்குள்ளே' என்று பியானோவுக்கு ஒரு இசை அமைத்தாய். இடது கை யாருக்கும் தெரியாமல் பேரம் பேசும், வலது கை முகத்தைப் போலச் சும்மா இருக்கும். எனக்கு சங்கீதம் தெரியாது. ஆனால் அதைக் கேட்டால் சந்தையில் விலை படியும் நேரம் எனக்குத் தெரியும்.

அந்தப் பியானோ எப்படி வந்தது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. சுருட்டுக் கம்பெனி துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது மிஷன் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஜெபப் பாட்டுக்குத் தவிர அதை யாரும் தொடுவதில்லை. நீ ஆறாவது படிக்கையில் அதைத் தொட ஆரம்பித்தாய். பள்ளிவாசலில் ரெண்டு பேர் என்னைத் தனியே கூப்பிட்டு, "பையன் வேதக்கோயில் பெட்டியில தாளம் போடுறானாமே" என்று கேட்டார்கள். தொழுகைக்கு வராமல் இருக்கிறானா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். அதோடு முடிந்தது. சின்னப்பன்தான் உனக்காக மண்டபத்தைத் திறந்துவிடுவார். மற்றப் பிள்ளைகளை விரட்டுகிறவர், உன்னை விரட்டவில்லை. உன் டீச்சரம்மா நாலு பாட்டு சொல்லிக் கொடுத்துவிட்டு மாற்றலாகிப் போன பிறகு, நீ ஒண்டியாகவே அந்தக் கட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். வெளியே தாழ்வாரத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு சின்னப்பன் கேட்பார். இதெல்லாம் உனக்கு நினைவிருக்கும். இருந்தும் பேட்டியில் அவரைப் பற்றி நீ சொன்னது சன்னல் மட்டும்தான்.

நீ பள்ளிக்கூடத்தை முடித்து, நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு, மண்டபத்துக்குப் போய்ப் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்த வருடம், கம்பியை அடிக்கிற சின்னச் சுத்தியல்களில் ஒட்டியிருந்த கம்பளியைப் பூச்சி அரித்துவிட்டது. மதராஸிலிருந்து ஆள் வர வேண்டும் என்றார்கள். யார் கூப்பிடுவார்கள்? நீ ஒரு சுத்தியலைக் கழற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு ஒரு திமிர் வந்தது, மகனே. தோலால் ஆகாதது என்ன இருக்கிறது என்கிற திமிர். ஆவாரம்பட்டையில் பதமான செம்மறித் தோலில், அடிவயிற்றுப் பக்கம் மெத்தென்று இருக்கும் இடமாகப் பார்த்துச் சீவி, வஜ்ரப் பசை காய்ச்சி ஒட்டினேன். எண்பத்தைந்து சுத்தியல். நீ உட்கார்ந்து எண்ணி எண்ணிக் கொடுத்தாய். முதல் தடவை வாசித்தபோது அது எவ்வளவு மிருதுவாகப் பேசியது! நீ என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாய். தோல் ஊறுகிற சுண்ணாம்பு அரித்து நகமெல்லாம் பழுத்த கை. அதற்கு முன்னும் அதற்குப் பின்னும் யாரும் அந்தக் கைக்கு முத்தம் கொடுத்ததில்லை.

ஒரு கோடை போனால் தோல் காயும். திண்டுக்கல் வெயிலில் எது காயாது? மறுவருடம் பங்குனியில் நீ சாப்பிட்டுக்கொண்டே, "செத்த விறைப்பா இருக்கு அத்தா சத்தம், தகரத்துல தட்டுற மாதிரி" என்றாய். குறை சொல்லவில்லை, சும்மா சொன்னாய். வெஞ்சனத்துக்கு உப்பு கம்மி என்று சொல்வதுபோலத்தான். எனக்கு அது போய்த் தைத்தது. அதே வாரத்தில்தான் அந்தச் சேதி வந்தது. மதராஸில் ஒரு பெரிய இசையமைப்பாளரின் உதவியாளர் பழனிக்குப் போகிறார், திங்கட்கிழமை பத்து மணிக்கு வழியில் இறங்கி உன்னைக் கேட்பார் என்று. உனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை மாலை, நீ நாடகத்துக்கு வாசிக்க மதுரைக்குப் போனாய். ஞாயிறு இரவு வருவதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒரு கிண்ணம் புங்க எண்ணெயும் ஒரு பழந்துணியும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். காய்ந்த தோலுக்கு எண்ணெய் கொடுத்தால் உயிர் வரும், இது எங்கள் ஷாப்பில் சின்னப் பையனுக்கும் தெரியும். நீ வந்து உட்கார்ந்து, முதல் கட்டையைத் தொட்டதும் திரும்பி என்னைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் உனக்குச் சொல்லவில்லை. சின்னப்பன் அன்று சித்தையன்கோட்டையில் மச்சினன் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வெளியாளிடம் சாவி கொடுக்கக் கூடாது என்பது அவருக்கு உத்தரவு. நான் கேட்டதும், "தம்பிக்குத்தானே பாய், நீங்க வெளியாளா?" என்று இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். எண்ணெய் போட்டேன். எண்பத்தைந்துக்கும் போட்டேன். உறிஞ்சியது. இன்னும் ஒரு கை போட்டேன். எண்ணெய் வைத்த தோலை நாலு நாள் நிழலில் ஆறப்போட வேண்டும் என்று முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன், ஒரு பகலில் ஆறிவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். காற்று வரட்டும் என்று பியானோவுக்குப் பின்னால் இருந்த மேற்குச் சன்னல் இரண்டையும் விரியத் திறந்து வைத்தேன். பஸ்ஸுக்குப் போகும் வழியில் சின்னப்பன் எட்டிப் பார்த்து, "சன்னலு தெறந்திருக்கே பாய்" என்றார். "இருக்கட்டும், சாயங்காலம் நானே வந்து சாத்துறேன், நீ போ" என்றேன். இதுதான் நான் சொன்ன சொல். இதை நீ நன்றாகப் படித்துக்கொள்.

நாலு மணிக்கு வானம் கறுத்தது. அந்த நேரத்தில் நான் தோல் ஷாப் முற்றத்தில் இருந்தேன். காயப்போட்ட தோல் அவ்வளவும் வெளியே கிடந்தது. முதல் துளி விழுந்தால் ஷாப்பில் இருக்கிற அத்தனை பேரும் தோலை அள்ள ஓட வேண்டும். மூளை யோசிக்காது, கால் ஓடும். நானும் ஓடினேன், அள்ளினேன். அள்ளி அடுக்கி முடித்த பிறகுதான் சன்னல் ஞாபகம் வந்தது. ஞாபகம் வரவேயில்லை என்று உன்னிடம் சொல்லலாமா என்று நேற்று ஒரு யோசனை வந்தது. அது பொய். நடுவில் ஒரு தடவை வந்தது. இன்னும் ரெண்டு அடுக்குத்தான் என்று நின்றுவிட்டேன். முதலாளியின் தோல் நனையவில்லை.

இருட்டுகிற மசங்கல் நேரத்தில் போய்ப் பார்த்தேன். தரையெல்லாம் தண்ணீர், பியானோவின் முதுகுப் பலகையில் கோடு கோடாக ஈரம். உள்ளே எட்டிப் பார்த்தால் தோல் உப்பிக் கறுத்துப்போய், பாதி வஜ்ரத்தை விட்டு வழுக்கி நின்றது. அது மழையால் அல்ல. மழை உள்ளே அவ்வளவு தூரம் போகவில்லை. எண்ணெய் வஜ்ரத்தைப் பிடித்து இழுத்துவிட்டது. என் துண்டால் முடிந்தமட்டும் துடைத்தேன். சன்னலைச் சாத்தினேன். கடைசி பஸ்ஸில் வந்த சின்னப்பனிடம் தெருமுனையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். நீ மதுரையிலிருந்து வந்து, சாப்பிட்டு, சந்தோஷமாகப் படுத்தாய். காலையில் காய்ந்துவிடும், காய்ந்துவிடும் என்று நான் உன் பக்கத்திலேயே கிடந்தேன்.

திங்கட்கிழமை நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து உனக்குத் தெரியாது. நான் பின்னால் தூணோரம் நின்றேன், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. நீ முதல் கட்டையைத் தொட்டாய். சேற்றில் கால் வைத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அடுத்தது ஒட்டிக்கொண்டு எழவேயில்லை. நீ நிறுத்தவில்லை. 'துண்டுக்குள்ளே'யைக் கடைசிவரை வாசித்தாய், பாதி விரலுக்குச் சத்தமே வராமல். வந்தவர் நல்ல மனிதர், முடியும்வரை உட்கார்ந்திருந்தார். "இன்னொரு சமயம் பார்க்கலாம் தம்பி" என்று பழனி பஸ்ஸுக்குப் போய்விட்டார். நீ பியானோவின் மேல்மூடியைத் தூக்கிப் பார்த்தாய். முதுகுப் பலகையில் மழைக்கோடு. தரையில் ஈரக்கறை. ஹெட்மாஸ்டர், "சன்னலைச் சாத்தாதது யார்?" என்று கேட்டார்.

சின்னப்பன் என்னைப் பார்த்தார். அவ்வளவு பேர் நிற்கிற மண்டபத்தில் நேராகத் தூணோரம் பார்த்தார். சாவியை வெளியாளிடம் கொடுத்தேன் என்று அவர் சொன்னால் அதற்கும் வேலை போகும், சன்னலைச் சாத்தவில்லை என்று ஒப்புக்கொண்டாலும் போகும். நான் வாய் திறந்தால் மட்டும்தான் அவருக்கு வழி. நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "நான் சாத்தாமப் போகலய்யா" என்று ஒரே தரம் சொன்னார். நீ திரும்பி அவரைப் பார்த்து, "ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?" என்று அழுதாய்.

எண்ணெய் நாற்றம் உனக்கு ஏன் தெரியவில்லை என்று நீ இப்போது யோசிப்பாய். அந்த மண்டபமே புங்க எண்ணெய் வாடையில் நாறிக்கொண்டிருந்தது. வந்தவர்கூடக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நீ அந்த வாடையிலேயே பிறந்து, அந்த வாடை பிடித்த பாயில் படுத்து வளர்ந்தவன். உனக்கு அது வாடையே இல்லை. அது உன் வீடு. மேல்மூடியைத் தூக்கி உள்ளே முகத்தை விட்டுப் பார்த்தபோதும் உனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சின்னப்பனுக்குத் தெரிந்தது.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. அந்தப் பெரியவர் பஸ்ஸுக்குப் போனபோது, அரை நிமிஷம், எனக்கு நிம்மதியாக இருந்தது. என் பிள்ளை இனி எங்கேயும் போக மாட்டான், என் கண் முன்னாலேயே இருப்பான் என்று. நான் அதற்காகக் கெடுக்கவில்லை, அல்லாஹ் மேல் ஆணையாக இல்லை. ஆனால் கெட்டுப்போன பிறகு ஒரு மூலையில் சந்தோஷப்பட்டேன். அது எனக்குள் இருந்தது என்பதைத்தான் இந்தப் பதின்மூன்று வருடத்திலும் என்னால் சகிக்க முடியவில்லை.

அதன்பிறகு நீ மூன்று வருடம் என்னோடு ஷாப்பில் தோல் அடுக்கினாய். பாட்டு என்று பேச்செடுக்கவில்லை. பாட்டு எனக்கு வராது போல என்று ஒரு நாள் உன் அம்மாவிடம் சொன்னாயாம். அன்றைக்கு அவள் என்னைக் கொல்லையில் தனியாகப் பிடித்து, "ஏதோ உள்ள வச்சுக்கிட்டுக் குமையுறீக. என்னன்னு அவங்கிட்டச் சொல்லிப்புடுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். அப்புறம் ஊர் ஊராகப் போகிற நாடகக் கம்பெனி ஒன்றில் ஆர்மோனியத்துக்கு ஆள் கேட்டு, நீயாகவே கிளம்பினாய். அங்கிருந்து மதராஸ். அடுத்தவர் பாட்டுக்கு நோட்டேஷன் எழுதிக் கொடுத்தாய். பெரிய குழுவில் ஒரு மூலையில் பியானோ வாசித்தாய். எட்டு வருடம் கழித்து இன்று உன் பெயர். நீ மேலே போகப் போக எனக்குச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. பிள்ளை நன்றாக வந்துவிட்டானே, இனி எதற்கு என்று சமாதானம். இரண்டு தடவை கடிதமாக எழுதினேன். ஒன்றை உன் முதல் பாட்டு ரேடியோவில் வந்தபோது கிழித்தேன், இன்னொன்றைத் தபாலாபீஸ் வாசல்வரை கொண்டுபோய்விட்டுக் கிழித்தேன்.

சின்னப்பனுக்கு அந்த மாதமே வேலை போனது. பள்ளிக்கூட வளவில் இருந்த வீட்டையும் காலி செய்தார். அவர் மகள் எட்டாவதோடு நின்றது. சித்தையன்கோட்டையில் மச்சினன் தோட்டத்தில் குடும்பமே பூப்பறிக்கப் போனது. நான் ஒரு தடவை அங்கே போய், ஷாப்பில் வேலை வாங்கித் தருகிறேன் என்றேன். செடிக்கு நடுவில் நின்றபடியே, "அந்த வாடை எனக்கு ஆகாது பாய்" என்றார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது, நான் புரியாத மாதிரி திரும்பி வந்தேன். அப்புறம் பூ மார்க்கெட் வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். இன்றுவரை பஜாருக்குச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். கால் வலிக்கிறது, இருந்தாலும் சுற்றுகிறேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் தகப்பன் என்று ஒரு பழக்கம் இருக்கிறதே. இனி உன்னைத் தேடி நிறையப் பேர் வந்து, உன் கதையைச் சொல்லு என்று கேட்பார்கள். கதையில் ஒரு நல்லவனும் ஒரு கெட்டவனும் இருந்தால் அவர்களுக்கு எழுத வசதி. நீ சொல்லும் முன், அந்தக் கெட்டவனிடம் போய் ஒரு வார்த்தை கேட்டாயா என்று யோசி. நீ பதின்மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. அப்புறம், யாருக்காவது நல்லது செய்ய ஆசைப்பட்டால் அவர்களுக்குத் தெரிந்தே செய். அவர்கள் திரும்பி உன்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதற்காக ஒளித்துச் செய்யாதே. நான் செய்தது அதுதான். அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டு எனக்காகச் செய்தேன்.

இப்போது நான் உன்னிடம் கேட்பது. இந்தக் கடிதத்தை நீ பெட்டிக்குள் வைக்காதே. எந்தப் பத்திரிகையில் அவர் பெயர் வந்ததோ அதே பத்திரிகைக்கு இதை அனுப்பு, என் பெயரையும் தெருவையும் வேண்டுமானால் போட்டுக்கொள்ளட்டும். சலூனில் படித்தவர்கள் சலூனிலேயே இதையும் படிக்கட்டும். நான் தலையைக் குனிந்துகொண்டு அந்த வழியாகவே போகிறேன், இனிச் சுற்றிப் போக எனக்குத் தெம்பில்லை. நீ ஊருக்கு வந்தால் முதலில் நம் வீட்டுக்கு வராதே. சித்தையன்கோட்டைக்குப் போ. அவர் மகள் முன்னால், மருமகன் முன்னால், நீ உன் வாயால் சொல். என்மேல் உனக்குக் கோபம் வந்தால் அது நியாயம். பேசாமல் இருந்தாலும் இரு. பட வேலை இருக்கும்போது மட்டும் அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதே, விரல் தடுமாறும்.

இவ்வளவும் எழுதி நேற்று முடித்து, உறைக்குள் வைத்துவிட்டேன். இன்று காலை சின்னப்பன் வந்தார். நான்தான் ஆள் அனுப்பினேன். இந்தத் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார். உறையைப் பிரித்து முதலிலிருந்து படித்துக் காட்டினேன். என் கண்ணுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் இரண்டு தரம்தான் பேசினார். தெற்குச் சன்னல் என்று நான் தவறாக எழுதியிருந்தேன். "தெக்குச் சன்னலு இல்ல பாய், மேக்குச் சன்னலு. ரெண்டு" என்றார். மேலே அடித்துத் திருத்தியிருப்பதை நீ பார்த்திருப்பாய். அந்த அரை நிமிஷ நிம்மதியைப் பற்றி எழுதிய இடம் வந்தபோது, "அத இன்னொரு தடவ படிங்க" என்றார். படித்தேன். உன் அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

முழுவதும் படித்து முடித்ததும் காகிதத்தை மடித்தேன். சாயங்காலம் தபாலில் போட்டுவிடுகிறேன் என்றேன்.

"சாயங்காலம் நானே வந்து சாத்துறேன்னு சொன்னீகளே, அது மாதிரியா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அவருக்கும் அசந்து போயிருந்தது. "குடுங்க பாய். பள்ளிக்கூடத்துத் தபாலெல்லாம் பதினாறு வருசம் நாந்தேன் கொண்டுபோய்ப் போட்டேன். ஒண்ணு தவறுனதில்ல."

கொஞ்சம் இருங்கள், நாலு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டு, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டார். என்னை மன்னித்தாரா என்று நீ கேட்பாய். நான் அவரிடம் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், கையை நீட்டிக்கொண்டு.